தள்ளினால் கிளம்பும் வண்டி

அந்த வேனை நான் ஏலத்தில் எடுத்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. அதுவரை ஓர் அறையில் ஒரு மணி நேரம் தனியாக இருந்தது கிடையாது. பழவேற்காட்டில் எங்கள் வீட்டில் மூன்று அண்ணன்கள், மூன்று அண்ணிகள், பதினொரு பிள்ளைகள். நான் கல்யாணம் செய்துகொள்ளாததால் எனக்கு அறை தேவையில்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். படிக்க வேண்டுமென்றால் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்வேன். கோழிகளுக்கும் சொல்ல நிறைய இருந்தது.

வேன் முன்பு குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரத்துக்காக ஊர் ஊராக ஓடியது. படம் காட்டும் இயந்திரத்துக்காக உள்ளே ஒரு மேடை இருந்தது. மெத்தை போட்டதும் அது கட்டிலாகிவிட்டது. ஜன்னலுக்குத் திரை தைத்தேன். ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கி வைத்தேன். பக்கவாட்டில் இருந்த பிரச்சாரச் சின்னமான சிவப்பு முக்கோணத்தின் மேல் இரண்டு தடவை பச்சைப் பெயிண்ட் அடித்தும், வெயில் ஏறினால் அது மெல்ல மேலே வந்துவிடும்.

"கல்யாணமே ஆகாதவனுக்கு ஏத்த வண்டிதான்" என்றார் பெரிய அண்ணி மரியம் பீவி.

நான் சிரித்துவைத்தேன். என் திட்டம் எனக்குத் தெரியும். பதினைந்து நாள் விடுப்பு. கன்னியாகுமரி வரை நானும், வண்டியும், எழுநூறு பக்கப் புத்தகம் ஒன்றும். யாரோடும் பேச வேண்டியதில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை, வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினேன். செல்ஃப் எடுக்கவில்லை. கையால் சுற்றிக் கிளப்பும் ஹேண்டில் ஏலத்துக்கு முன்பே காணாமல் போயிருந்தது. ஏரிக்கு இறங்கிக்கொண்டிருந்த மூன்று பேர் நின்று பார்த்தார்கள்: பெரியசாமி, அவர் மனைவி எல்லம்மா, எல்லம்மாவின் தம்பி மாசிலாமணி. சொந்தப் படகு இல்லாதவர்கள். ஏரிச் சேற்றில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள். எல்லம்மா பறி என்கிற ஓலைப் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீரில் உட்கார்ந்திருப்பாள். மற்ற நேரங்களில் அடுத்தவர் படகைத் தண்ணீருக்குள் தள்ளிவிடுவார்கள். படகு திரும்பியதும் தள்ளின கைகளுக்கு ஒரு பங்கு மீன் உண்டு.

மூவரும் தள்ளினார்கள். இன்ஜின் பிடித்துக்கொண்டது. நிறுத்தினால் அணைந்துவிடுமோ என்ற பயத்தில் ஜன்னல் வழியே கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டேன்.

திருப்பாலைவனத்தில் ஒரு எருமை குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். இன்ஜின் நின்றது. வயலில் இருந்த இரண்டு பேர் உதவ வந்தார்கள். பாதி தூரத்தில் முக்கோணம் அவர்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில் அந்த மாதிரி வண்டி ஊருக்குள் நுழைந்தால் கட்டாயக் கருத்தடைக்குப் பயந்து ஆண்கள் என்ன செய்தார்களோ, அதையே செய்தார்கள்: வரப்பு வரப்பாக ஓடிப்போனார்கள். அதன்பிறகு வந்த சைக்கிள்காரரும் திரும்பிப் போய்விட்டார். சாலையில் நான் மட்டும் இருந்தேன். நான் கேட்டது இதுதான் என்றாலும் இப்படிக் கேட்கவில்லை.

மத்தியானம் பழவேற்காட்டு பஸ் வந்து நின்றது. மூவரும் இறங்கினார்கள்.

"இன்னா பாய், பங்கு குடுக்காம பூட்ட?" என்றான் மாசிலாமணி.

"எதுக்குப் பங்கு?"

"தள்ளினோம் இல்ல?"

"வண்டியைத்தானே தள்ளினீங்க? நான் என்ன மீன் பிடிக்கவா போறேன்?"

பெரியசாமி பொறுமையாக விளக்கினார். "மீனுக்குப் போனா மீனுல பங்கு. நீ கன்யாகுமரிக்குப் போற. அப்ப கன்யாகுமரில பங்கு. கை வெச்சவனுக்குக் குடுக்காம போனா கரை திரும்பாது பாய். உன் நல்லதுக்குத்தான் பஸ்ஸு ஏறி வந்தோம்."

"மூணு கடலு ஒண்ணா கீதாமே அங்க" என்றாள் எல்லம்மா. அவள் கையில் ஒரு துணிமூட்டை இருந்தது. கருவாட்டு வாசம் வந்தது.

மறுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இன்னும் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் பாக்கி. ஒவ்வொரு காலையும் யாராவது தள்ள வேண்டும். முக்கோணத்துக்குப் பயப்படாதவர்கள் எனக்குத் தெரிந்து இந்த மூன்று பேர்தான். நான் எதையும் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்பவன். அதற்குள் எல்லம்மா உள்ளே போய் என் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டாள்.

"மெத்துனு கீது" என்றாள்.

இப்படியாக என் வாழ்வின் முதல் தனி அறையில் நான்கு பேர் ஆனோம். கட்டில் எல்லம்மாவுக்கு. தரை ஆண்கள் இருவருக்கும். முன் இருக்கையில், ஸ்டியரிங் முழங்காலில் இடிக்க, நான்.

மாமனும் மச்சானும் எதைப் பற்றியும் சண்டை போடக்கூடியவர்கள்.

"இந்த ஊரு பனைமரம் நம்மூருத விட ஒசரம் மாமா."

"போடா, நீ வண்டிக்குள்ள குந்திகினு பாக்கற. அதான் ஒசரமா தெரியுது."

"நீயும் வண்டிலதான குந்திகினு கீற?"

செங்கல்பட்டில் தொடங்கிய இந்தப் பேச்சு திண்டிவனம் வரை வந்தது. அங்கே இன்ஜின் இருமி நின்றது. பெட்ரோலில் தூசி. கார்புரேட்டரைத் திறந்து, சுண்டுவிரல் நகமளவு இருக்கும் பித்தளை ஜெட்டை வெளியே எடுத்து ஊதினேன். அது கை தவறி உருண்டு ஓரத்து வாய்க்காலில் விழுந்தது. முழங்கால் அளவு கலங்கல் தண்ணீர், அடியில் சேறு.

எல்லம்மா புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி உட்கார்ந்தாள். முந்தானை நுனியைப் பழக்கத்தில் பல்லில் கடித்துக்கொண்டாள். நான் கரையில் நின்று விளக்கினேன்: அது எவ்வளவு சிறியது, நடுவில் எப்படி ஓட்டை இருக்கும், அது இல்லாவிட்டால் என்ன ஆகும், அது எந்தப் பக்கம் உருண்டிருக்கலாம்.

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "கம்முனு இரு பாய். எம்மா பேசற நீ!"

என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் நான் ஊமை என்று பெயர் வாங்கியவன். கால் மணி நேரத்தில் ஜெட்டும் ஒரு நண்டும் மேலே வந்தன. நண்டு யாருக்கு என்று ஆண்கள் இருவரும் உளுந்தூர்பேட்டை வரை சண்டை போட்டார்கள்.

மறுநாள் காலையில்தான் ஒன்றைக் கவனித்தேன். அவர்கள் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது கியரில், கிளட்ச்சை மிதித்தபடி நான் மட்டும் உள்ளே இருந்தேன். பேச்சு இல்லை. மூச்சு வாங்கும்போது அவர்களுக்குச் சண்டை வராது. டயர் மண்ணில் உரசும் சத்தம் மட்டும். ஐம்பது கஜ தூரத்துக்கு அந்த அறை என்னுடையதாக இருந்தது. கிளட்ச்சை விட்டேன், இன்ஜின் உறுமியது, மூவரும் ஓடி வந்து ஏறினார்கள், முடிந்தது.

திருச்சியில் எழுபது கஜம் வரை கிளட்ச்சை விடவில்லை. மதுரையில் தெரிந்தே ஒரு சின்ன மேட்டில் நிறுத்தினேன், நூறு கஜம் ஆனது. "வண்டிக்கு வயசாவுது பாய், நாளுக்கு நாள் மோசமா கீது" என்று பெரியசாமி வருத்தப்பட்டார். புத்தகத்தில் பதினொன்றாம் பக்கத்தில் இருந்தேன்.

திருநெல்வேலியில் ரேடியேட்டர் ஒழுகியது. ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். மற்றவர்கள் டீக்கடைக்குப் போயிருந்தார்கள். ஒழுகலை அடைத்துவிட்டு அவர் தானாகவே செல்ஃபையும் பார்த்தார்.

"இது ரிப்பேரே இல்ல அண்ணாச்சி. வயர் முனையில உப்பு பூத்துக் கெடக்கு. கடக்கரை ஊரோ?"

உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு தேய்த்தார். சாவியைத் திருகினார். இன்ஜின் உடனே கிளம்பியது. அணைக்காமலே இறங்கினார்; மற்றவர்கள் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த வண்டியிலேயே கிளம்பினோம்.

இரண்டு தேய்ப்பு. பழவேற்காட்டிலேயே யாராவது தேய்த்திருந்தால் நான் இந்நேரம் தனியாகக் குமரியில் படித்துக்கொண்டிருப்பேன். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மூவரையும் பஸ் ஏற்றிவிடலாம். அன்றிரவு முழுக்க அதைத்தான் யோசித்தேன். பின்னால் பெரியசாமி குறட்டை விட்டார்.

காலையில் வள்ளியூர் தாண்டிய ஒரு வெட்டவெளியில் மாசிலாமணி வழக்கம்போலக் கேட்டான். "செல்ஃபு?"

"எடுக்கல" என்றேன். நான் சாவியை முழுதாகத் திருகிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

தள்ளினார்கள். சாலை நேராகப் போனது. வலப்பக்கம் மலை. காற்று ஜன்னல் திரையை உள்ளே தள்ளியது. ஐம்பது கஜம். நூறு. பொய் சொன்னவனுக்கு இருக்க வேண்டிய கூச்சம் எனக்கு இருந்தது. ஆனால் அதுகூட அமைதியாக இருந்தது.

எல்லம்மா வண்டியோடு நடந்து என் ஜன்னலுக்கு வந்தாள்.

"போதுமா பாய், இன்னும் வேணுமா?"

"என்ன?"

"நேத்து அந்த ஆளு சாவிய முறுக்கினப்ப நானு டீக்கடைக்குப் போவல. உள்ள திரைக்குப் பின்னால படுத்துகினு இருந்தேன்."

நான் சாலையைப் பார்த்தேன்.

"ஏன் அவங்க கிட்ட சொல்லல?"

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பெரியசாமியும் மாசிலாமணியும் தோளோடு தோள் சாய்ந்து, தலை குனிந்து, வாயே திறக்காமல் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணாலம் ஆயி இருவது வருசம் பாய். இதுங்க ரெண்டு வாயும் ஒண்ணா மூடி நானு பாத்ததே இல்ல."

பிறகு முன்னால் பார்த்தாள்.

"அந்தப் புளியமரம் வரைக்கும் போவட்டும்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்க் கை வைத்தாள்.

நான் கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கவில்லை. புளியமரம் வந்தது. போனது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.