எத்தனை வருஷத்துக்குப் பசை

வேனின் உள்கூரைத் துணி தொங்க ஆரம்பித்து நாலு மாதம் ஆகியிருக்கும். எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு ரோடுதான் தெரியும், தலைக்கு மேலே என்ன இருந்தால் என்ன? பின் சீட்டில் படுத்து வருபவளுக்குத்தான் தொல்லை. என் பெண்சாதி செல்லம்மா வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், நெம்மேலியிலிருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போகிறாள். போகும்போது உட்கார்ந்து வருவாள். திரும்பும்போது முடியாது. நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப ஏற்றினால் மனுஷி உடம்பில் என்ன தெம்பு இருக்கும்? மல்லாந்து படுத்துவிடுவாள். மூக்குக்கு மேலே அந்தத் துணி தொங்கும்.

எனக்கு முன்னால் வேனை வைத்திருந்த புண்ணியவான் ஒட்டிய துணி அது. உள்ளே இருந்த ஸ்பாஞ்சு மக்கி, மஞ்சள் பொடியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. செல்லம்மா அங்கங்கே ஊக்கு குத்தி வைத்திருந்தாள். ஒரு ஊக்கில் போன வருஷத்துக் குருத்தோலைச் சிலுவையையும் மாட்டியிருந்தாள்.

தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறோம். திருப்போரூர் தாண்டியதும் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. கண்ணில் வேறு பொடி. வண்டியை ஓரங்கட்டித் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"ஈஸ்டர் வரிக்கும் வரேன்யா. அத்தோட வுட்டுடு."

"எத்த வுடறது?"

"இந்த ஆஸ்பத்திரிய. ரெண்டு வருசமா வந்துகினு கீறேன். போதும். என்னால முடியல."

எனக்கு வந்ததே கோபம். "வாயக் கழுவுமே! இன்னா பேச்சு பேசற நீ?" என்று நடுரோட்டில் கத்தினேன். கண்ணை மூடிக்கொண்டாள். விட்டுவிட்டால் பத்து நாளோ பதினைந்து நாளோ என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். தெரிந்துதான் சொல்கிறாள்.

எனக்கும் அசதிதான். நாவலூர் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு, தூங்காத கண்ணோடு நேரே செங்கல்பட்டுக்கு விடுகிறேன். ஆனால் அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் சிறுநீரகத்தை நான் என்ன செய்ய முடியும்? கைக்கு எட்டியது கூரைதான். அதையாவது சரி பண்ணுவோம் என்று முடிவு பண்ணினேன்.

சீட் வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் இரண்டு நாள் வேனை விட்டுவிட்டுப் போ என்றார்கள். இரண்டு நாள் விட்டால் கம்பெனியில் வேறு வண்டி போட்டுவிடுவான். நாமே ஒட்டிக்கொள்ளலாம் என்று, திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பக்தவத்சலம் கடையில் நிறுத்தினேன். சீட்டுத் துணி, ரெக்ஸின், பசை எல்லாம் விற்கிற கடை. செல்லம்மா வண்டியிலேயே இருந்தாள். அவர் துண்டுத் துணிகளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கே வந்துவிட்டார்.

நான் மெரூன் வெல்வெட்டைத் தொட்டேன். "கனம் அண்ணாத்த, தலகீழா தொங்கணுமே, இழுத்துகினு வந்துடும்" என்றார். ரெக்ஸின் மூலை வளைவில் சுருங்குமாம். மெல்லிசுத் துணி என்றால் பசை ஊறி வெளியே திட்டுத் திட்டாகத் தெரியுமாம். பின்பக்கம் ஸ்பாஞ்சு வைத்த துணிதான் சரி, எந்தக் கலர் என்று கேட்டார்.

"கறுப்பு குடு. அழுக்கு தெரியாது" என்றேன்.

"கறுப்பு வாணாம்" என்றாள் செல்லம்மா. "சவப் பொட்டில படுத்துகினு வர மாதிரி கீது."

பக்தவத்சலம் அவளையும் பார்த்தார், அவள் கையில் இருந்த பிளாஸ்திரியையும் பார்த்தார். சட்டென்று வேறு துண்டை நீட்டினார். மோர் நிறம். அவள் விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினாள்.

அப்புறம் இரண்டு டின் எடுத்து வந்தார். "இது சாதா. செருப்பு, சீட்டுக்கெல்லாம் ஒட்டறது. ஒரு வருசம் தாங்கும். இது சூடு தாங்குற பசை. வெயில்ல தகரம் எவ்ளோ கொதிச்சாலும் இளகாது. அஞ்சு வருசத்துக்குக் கவலயே இல்ல. உனக்கு எத்தினி வருசத்துக்கு வோணும்?"

வியாபாரி, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஒரு வருசத்துதே போதும்பா. அதுவே ஜாஸ்தி."

எனக்குச் சுருக்கென்றது. நான் செய்திருக்க வேண்டியது என்ன? அவளைப் பார்க்காமல் அஞ்சு வருஷ டின்னை வாங்கியிருக்க வேண்டும். ஆனால் என் புத்தி அப்படி. மனசு நோகிற மாதிரி ஏதாவது சொன்னாளென்றால், அதையே செய்து காட்டி அவளை நோகடிக்க வேண்டும் எனக்கு. இருபத்தாறு வருஷமாக இதே லட்சணம்தான். "அம்மாதான் சொல்ட்டாங்களே, ஒரு வருசத்துதே குடு!" என்று சாதா டின்னை வாங்கிக் கால் பக்கம் வைத்தேன். அன்றைக்குப் போகும்போதும் வரும்போதும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சவுக்குத் தோப்பு நிழலில் வேனை நிறுத்தினேன். பழைய துணியைக் கிழித்து இழுத்தால் தலை, மூக்கு, சட்டை எல்லாம் மஞ்சள் பொடி. தகரத்தில் ஒட்டியிருக்கிற ஸ்பாஞ்சை ஒரு பொட்டு விடாமல் கம்பி பிரஷ்ஷால் சுரண்டு, கழுவு, காயவிடு, அப்புறம் இரண்டு பக்கமும் பசை தடவு, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை பொறு என்று பக்தவத்சலம் பாடம் மாதிரி சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணாந்து சுரண்டச் சுரண்ட எனக்குக் கழுத்து விட்டுப் போயிற்று. முன்பக்கம் சுரண்டினேன். பின்பக்கம் துணியால் துடைத்ததோடு சரி.

செல்லம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பின்னால அப்டியே கீதேய்யா."

"எல்லாம் எனக்குத் தெரியும்."

"பசை காயட்டும்யா. இன்னா அவசரம்?"

"நீ சும்மா குந்து."

ஈரப்பசையிலேயே துணியை வைத்து அழுத்தினேன். ஒட்டிக்கொண்டது. பார்க்க ஜோராகத்தான் இருந்தது. அடுத்த நாள் அதற்குக் கீழே படுத்து வந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. நல்லா கீதா என்று நானும் கேட்கவில்லை. வியாழக்கிழமையும் அப்படியே போயிற்று.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நிழல் கிடைக்கவில்லை. முந்தின நாள்தான் குருத்தோலை ஞாயிறு, புதுச் சிலுவையைக் கண்ணாடியில் மாட்டியிருந்தோம். உச்சி வெயிலில் நாலு மணி நேரம் வேன் வெந்தது. திரும்பும்போது உள்ளே ஒரே பசை நாற்றம். திருப்போரூர் தாண்டியிருப்போம். பின்னால் பொத்தென்று சத்தம். கண்ணாடியில் பார்த்தேன்.

செல்லம்மாவைக் காணவில்லை. சீட்டில் மோர் நிறத் துணி நீளமாகக் கிடந்தது. அதற்குள்ளே தலை தெரிந்தது, கால் தெரிந்தது. முகத்தோடு சேர்த்து மூடியிருந்தது. அசையவில்லை.

எப்படி பிரேக் போட்டேன், எப்படி இறங்கினேன் என்று தெரியாது. "செல்லம்மா! செல்லம்மா!" என்று கத்திக்கொண்டே பின்கதவைத் திறந்தேன். துணியைத் தொடக் கை வரவில்லை. அப்போது துணி தானாகவே லேசாகக் குலுங்கியது. அப்புறம் நன்றாகக் குலுங்கியது. உள்ளே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

துணியை விலக்கினேன். தலைமுடியெல்லாம் பசையும் மஞ்சள் பொடியும். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். அவள் சிரித்து நான் பார்த்து ஒரு வருஷம் இருக்கும்.

"ஒரு வருசம்னானே அந்த ஆளு, எட்டு நாளு தாங்கல. த பாரு, நா இன்னும் கீறேன், உன் பசை பூடுச்சி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டிப் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். லாரிக்காரன் ஒருத்தன் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனான். அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னாய்யா, பயந்துட்டியா?"

"ஆமா."

"நெசமாவா?"

"நெசமாதான். நீ இல்லாத நா இன்னா பண்ணுவேன்? ஒரு டீ போடத் தெரியுமா எனக்கு? பயமாத்தான் கீது. போதுமா?"

என் தலைமேல் கையை வைத்தாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கை. அப்புறம், "பசிக்குது, வூட்டுக்குப் போலாம்" என்றாள். ஈஸ்டரைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

பெரிய வியாழன் அன்று மொட்டைத் தகரத்தோடு கிளம்பினோம். பக்தவத்சலம் கடை வந்ததும் நிறுத்தச் சொன்னாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சுரண்டல, இல்ல?" என்றார். நான் தலையைச் சொறிந்தேன். செல்லம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"அந்த அஞ்சு வருசத்துது ஒரு டின் குடுப்பா. கம்பி பிரஷும் ஒண்ணு குடு. நா பக்கத்துல குந்திகினு சுரண்ட வெக்கறேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"பெரிய வெள்ளி, ஈஸ்டருன்னு இந்த வாரம் பூரா கோயில்ல வேல கீது. அவசரம் வாணாம். அடுத்த வாரம் நிதானமா ஒட்டலாம். வர்ற திங்கக்கெழம நா தகரத்தையே பாத்துகினு வரேன்."

வருகிற திங்கட்கிழமை ஈஸ்டருக்கு மறுநாள். நான் டின்னை வாங்கி, கால் பக்கம் உருளாமல் வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பினேன்.