ஒட்டகம் என்று ஒரு பெயர்

ராணுவ லாரிப் பட்டறையில் அவள் ஒருத்திதான் பெண் மெக்கானிக். மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் தண்ணீர் பாட்டிலைத் தொடமாட்டாள். அதனால் சகாக்கள் அவளுக்கு 'ஒட்டகம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பாசமாகத்தான் கூப்பிட்டார்கள்.

அன்று எல்லோரையும் கூட்ட அறையில் உட்கார வைத்திருந்தார்கள். பலதரப்பட்டவர்களும் பாகுபாடில்லாமல் சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கத் தலைமையகத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மா வந்திருந்தார். பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள்.

"இங்க யாருக்காவது பட்டப்பேர் இருக்கா?" என்று அவர் கேட்டதும் தூக்கம் பறந்தது. எல்லோர் கண்ணும் அவள் மேல். பட்டறைப் பொறுப்பாளரான சார்ஜென்ட் குனிந்து ஷூ லேஸைச் சரிசெய்தார். பெயர் வைத்த புண்ணியவான் அவர்தான்.

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. காட்சிப்பொருளாக எழுந்து நிற்கவா இத்தனை நாள் கிரீஸில் புரண்டாள்? மழுப்பிவிடத்தான் நினைத்தாள். ஆனால் காலையிலிருந்தே அடிவயிறு வலித்தது. இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் வேறு திட்டியிருந்தார். எழுந்தாள்.

"என்னை ஒட்டகம்னு கூப்பிடுவாங்க மேடம். பேர்ல வருத்தமில்ல. பெண்கள் கழிப்பறை மெயின் கேட் பக்கத்துல இருக்கு. லாரிக்கு அடியில படுத்திருக்கறவ எத்தனை தடவை அவ்வளவு தூரம் போய்ட்டு வர்றது? அதான் தண்ணி குடிக்கறதில்ல."

சிரிக்கத் தயாராயிருந்த முகங்கள் அப்படியே நின்றன.

இடைவேளையில் சார்ஜென்ட் அவள் பக்கத்தில் வந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமேம்மா."

"சொன்னா, பொம்பளைய சேத்தா இதான் தொல்லைன்னு பேச்சு வரும் சார்."

"வந்திருக்கும்," என்றார் அவர். மழுப்பாமல் ஒத்துக்கொண்டது அவளுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் பட்டறைக்குப் பின்னால் இருந்த இரண்டு கழிப்பறைகளில் ஒன்றைக் கழுவி, தாழ்ப்பாளை மாற்றி, அவளுக்கென்று ஒதுக்கினார்.

"அப்ப எங்க எல்லாருக்கும் ஒண்ணுதானா சார்?" என்று பெயின்டர் முகத்தைச் சுளித்தான்.

"வரிசையில நில்லு. எல்லையில நிக்கத் தயாரா இருக்கறவன்தானே நீ?"

பெயின்டரும் அவன் கூட்டாளியான மெக்கானிக்கும் கொஞ்ச நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு மழைநாளில், லாரியிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸ் ஒன்று பாதியில் சிக்கிக்கொண்டு அவர்களிடம் மல்லுக்கு நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெயின்டர்தான் அவளைக் கூப்பிடப் போனான்.