வனஜாவுக்கு என்ன ஆயிற்று?

வனஜா செத்துப்போய்விட்டாள் என்று என் மகள் நிலாவிடம் சொன்னவள் என் தம்பி மகள் பிரீத்தி. ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பணியாரச் சட்டியில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். நிலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து என் நைட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, வனஜா செத்துப்போச்சாமா? பிரீத்தியக்கா சொல்லுது."

எனக்கு வந்த கோபத்தில் ஒரு கரண்டி மாவு அடுப்பில் கொட்டியது.

வனஜா எங்கள் சொந்தக்காரி இல்லை. கதைப் புத்தகத்தில் வருகிற பெண். 'பச்சைக்கதவு வீடு' என்று பன்னிரண்டு புத்தகங்கள், ஒவ்வொன்றும் எண்பது பக்கம் தேறும். நான் எருமப்பட்டியில் ஐந்தாவது படித்த காலத்தில், அப்பா நாமக்கல்லுக்குப் போகும்போதெல்லாம் ஒன்று வாங்கிவருவார். ஆற்றங்கரை ஊரில் பச்சைக் கதவு போட்ட ஒரு வீடு, அதில் நாலு பிள்ளைகள், ஒரு நாய். கோயில் மணி காணாமல் போகும், தோப்புக்குள் யாரோ நடமாடுவார்கள், நால்வரும் நாயைக் கூட்டிக்கொண்டு போய்க் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே வீட்டில் தங்கியிருக்கிற பெரியப்பா மகள்தான் வனஜா. பதினைந்து வயது. கூப்பிட்டால் வரமாட்டாள், கோள் சொல்லுவாள், கதவைச் சாத்திக்கொள்ளுவாள். அவள் எங்கே வந்தாலும் 'முகத்தைச் சுளித்தபடி' என்றுதான் ஆசிரியர் எழுதுவார். ஏழாவது புத்தகத்தின் கடைசியில் அவளை மேற்படிப்புக்காக ஹாஸ்டலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் கைதட்டிச் சிரித்தேன். விட்டது சனி என்று இருந்தது.

அந்தப் புத்தகங்களை நிலாவுக்காகத்தான் பரணிலிருந்து இறக்கினேன். காலாண்டு விடுமுறை, செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் என்னாவது? அவள் ஒன்றை முடித்துக் கீழே வைத்தால் நான் எடுத்துக்கொள்வேன். எனக்குச் சேலம் ஜங்ஷனில் டிக்கெட் கவுண்டரில் வேலை. காலை டூட்டி முடிந்து சூரமங்கலம் குவார்ட்டர்ஸுக்கு வந்து, ஃபேனைப் போட்டுப் படுத்து, ஒரு புத்தகம். என் வீட்டுக்காரர் ஆனந்தகுமார் கூட்ஸ் வண்டி ஓட்டுகிறவர். அவர் வீட்டில் இருக்கும் நாள் அபூர்வம் என்பதால் என் படிப்புக்கு இடைஞ்சல் இல்லை.

கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து ஆளை எடைபோடுகிற பழக்கம் வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் சில்லறை இல்லாமல் வந்திருக்கிறாரா, தேதியை மாற்றிச் சொல்லப்போகிறாரா என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். ஜூன் மாதம் பெட்டியோடு வாசலில் வந்து நின்ற பிரீத்தியையும் எடைபோட்டேன். இது சரிப்பட்டு வராது என்று அன்றைக்கே தெரிந்தது.

தம்பி மதியழகன் போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறான். வருஷத்தில் பாதி நாள் சத்தீஸ்கர் பக்கம் போர் போட்டுக்கொண்டிருப்பான். அவன் மனைவி நர்ஸ், போன வருஷம் குவைத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணை எங்கே விடுவது? அத்தை வீடு இருக்கிறதே என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

பக்கத்து வீட்டு அங்கம்மாள் அக்கா வந்தபோது முறுக்கை எடுத்துவைத்து, நானே சுட்டது என்றேன். "இது பேக்கரில வாங்குனதுங்களே அத்தை" என்று பிரீத்தி உள்ளே போய்க் கவரையே எடுத்துவந்து காட்டினாள். உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணிக்கு நோப்பாளம் என்பார்கள். கோபம் வந்த அந்த நொள்ளைக் கண்ணி நான்தான், போகட்டும். நிலாவின் கணக்கு மார்க்கை நிலா வாயைத் திறப்பதற்கு முன்னால் என்னிடம் சொன்னாள். அதையும் விட்டுவிடலாம். ஒரு நாள் நிலாவைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, "உனக்கு உங்கப்பா மூக்கு, வளர வளரப் பெருசாயிட்டே போகும்" என்று சொல்லியிருக்கிறாள். குழந்தை துணி மாட்டுகிற கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்திருந்தது. கழற்றினால் மூக்கு கன்றிச் சிவந்திருந்தது. அன்றைக்கே தம்பிக்கு போன் போட்டு, என்னால் இவளோடு மாரடிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு சேர்ந்த பள்ளிக்கூடங்களுக்கா பஞ்சம்? காலாண்டு முடிந்ததும் சேர்த்துக்கொள்வதாக ஒரு பள்ளியில் சொன்னார்கள். பிடிக்காத பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்ப எங்கள் பக்கத்தில் இதைவிட மரியாதையான வழி கிடையாது. ஊரில் ஒருத்தரும் குறை சொல்லமாட்டார்கள், பெண் டாக்டராகி விடுவாள் என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுவதாகவும், நான் சரி என்றால் மறுநாளே பணம் கட்டிவிடுவதாகவும் தம்பி சொன்னான். பிரீத்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். "சரிங்க" என்றாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அந்த வாரத்தில் முதல் ஏழு புத்தகங்களை முடித்திருந்தேன். வயது ஏறியபிறகு படித்தால் வனஜா பாவம் என்று தோன்றிவிடுமோ என்று கொஞ்சம் பயம் இருந்தது. தோன்றவில்லை. நால்வரும் ஓட்டைப் படகில் ஏறியதைப் பெரியவர்களிடம் போட்டுக்கொடுத்தாள், சரி, அது நல்லதற்கு என்றே வைத்துக்கொள்வோம். சின்னவன் ராப்பகலாக உட்கார்ந்து ஒட்டிய பட்டத்தை அவன் கண்ணெதிரே கிழித்தாளே, அது எந்த நல்லதற்கு? வீடு தேடி வந்த மீன்காரர் மகளை, நாற்றம் அடிக்கிறது என்று வாசலோடு திருப்பி அனுப்பினாளே? குற்றவாளிதான். சின்ன வயதில் நான் போட்ட எடை சரியாகத்தான் இருந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

இந்த நிலைமையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பஞ்சாயத்து. அடுப்பை அணைத்துவிட்டுப் பிரீத்தியின் அறைக்குப் போனேன்.

"ஏம் புள்ள, சின்னக் கொழந்தகிட்டப் போயி எதுக்கு அப்படிச் சொன்ன?"

"அவ கேட்டாளுங்க, வனஜா அப்பறம் எங்க போச்சுன்னு. எனக்குத் தோணுனதச் சொன்னேன்."

"நீ அந்தப் புஸ்தகத்தப் படிச்சயா?"

"பன்னெண்டும் படிச்சேனுங்க. ஹாஸ்டலுக்குப் போனதுக்கு அப்பறம் அவளப் பத்தி ஒரு பேச்சே இல்லீங்க. செத்தாத்தானுங்க அப்படி உட்டுருவாங்க?"

"அதெல்லாம் வரும். அவ உசுரோடதான் இருக்கறா. நான் எடுத்துக் காட்டறேன் பாரு."

மத்தியானத்துக்குத் தயிர்சாதம் போதும் என்று அறிவித்துவிட்டு எட்டாவது புத்தகத்திலிருந்து பன்னிரண்டாவது வரை அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கதையைப் படிக்கவில்லை, வனஜா என்ற பெயரை மட்டும் தேடினேன். ஒரு கடிதம் வந்தது என்றோ, ஹாஸ்டலில் நன்றாகப் படிக்கிறாள் என்றோ ஒரு வரி கிடைத்தால் போதும், பிரீத்தியின் வாயை அடைத்துவிடலாம்.

எட்டில் இல்லை. ஒன்பதில் ஒரே ஓர் இடத்தில் கிடைத்தது. 'வனஜாவின் அறை இப்போது நால்வரின் ஆராய்ச்சிக்கூடமாகியிருந்தது.' அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குவார்ட்டர்ஸில் இருப்பது இரண்டே அறை. பிரீத்தி போனதும் அவள் அறையை நிலாவின் படிப்புக்கு ஒதுக்கலாம் என்று மேசைக்கு விலைகூடக் கேட்டு வைத்திருந்தேன்.

பத்தாவது புத்தகத்தில் பொங்கல் வருகிறது. நால்வருக்கும் புதுத்துணி, பால்காரருக்கு வேட்டி, நாய்க்குக் கழுத்தில் சிவப்பு நாடா. ஹாஸ்டலில் இருப்பவள் லீவுக்கு வந்ததாக எழுதவில்லை. பதினொன்றில் அவளைப் பெற்ற அந்தப் பெரியப்பாவே ஊரிலிருந்து வருகிறார். நால்வருக்கும் ஆளுக்கொரு பேனா கொடுக்கிறார், நாயைத் தடவிக்கொடுக்கிறார், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார். மகள் பேரைச் சொல்லவில்லை. இத்தனைக்கும் அவள் ஏன் தன் வீட்டில் இல்லாமல் சித்தப்பா வீட்டில் இருந்தாள் என்பதை முதல் புத்தகத்திலிருந்தே ஆசிரியர் சொல்லவில்லை. பன்னிரண்டு புத்தகம் துப்பறியும் கதை எழுதியவர், இந்த ஒன்றைத் துப்பறிய மறந்துவிட்டார். கடைசிப் புத்தகத்தில் நால்வருக்கும் கலெக்டர் கையால் பரிசு. முன்வரிசையில் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது, சமையல்காரம்மா உட்பட. வனஜா இல்லை.

வனஜா பொல்லாதவள்தான், இப்போதும் அதில் மாற்றமில்லை. ஆனால் பட்டத்தைக் கிழித்தவளுக்குப் பொங்கல் கிடையாது என்று எந்த ஊரில் சட்டம்? திட்டியிருக்கலாம், காதைத் திருகியிருக்கலாம். அவள் பேரைக்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டு இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சின்ன வயதில் சந்தோஷமாக இந்த ஐந்து புத்தகம் படித்திருக்கிறேன், ஒரு தடவைகூட அவளைத் தேடாமல். தேடியது என் மகளும், பிரீத்தியும்தான்.

வெயில் இறங்கியபிறகு பிரீத்தியின் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கெடைச்சுதுங்களா?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"இல்ல."

ஜெயித்துவிட்ட சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அடுத்த நகத்துக்குப் போனாள்.

"பிரீத்தி, ஹாஸ்டலுக்குப் போறதுக்கு உனக்கு இஷ்டந்தானா?"

"நீங்கதான் முடிவு பண்ணிட்டீங்களே."

"இப்பக் கேக்கறேன், சொல்லு."

"உங்களுக்கு எது வசதியோ அப்படிப் பண்ணுங்க. எனக்கு எல்லா எடமும் ஒண்ணுதான்."

பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை இறங்கி வந்தால் என்ன குறைந்துவிடும் இந்தப் பெண்ணுக்கு? ஏதாவது சொல்லியிருப்பேன், அதற்குள் கூடத்தில் போன் அடித்தது. தம்பிதான். அவனுக்குப் பின்னால் ரிக் ஓடுகிற சத்தத்தில் கத்திப் பேசினான்.

"அக்கா, ஸ்கூல்ல பேசிட்டேன். நாளைக்குப் பணத்த அனுப்பிச்சரட்டுமா?"

"வேண்டாம். அவ இங்கயே இருக்கட்டும்."

"ஏனுக்கா? நீதான முடியலைன்னு சொன்ன?"

"இப்பவும் முடியலதான்."

"அப்பறமென்ன? புள்ளையப் புடிச்சுப்போச்சா?"

பிரீத்தி எழுந்து வந்து கதவுப் பக்கம் நிற்பது தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்க நன்றாக இருந்திருக்கும். ஆனால் அது பொய் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

"புடிக்கல. இன்னும் புடிக்கல. புடிச்ச ஆளுகளத்தான் ஊட்டுல வெச்சுக்கோணும்னா நாட்டுல பாதி ஊடு காலியாத்தான் கெடக்கும். நீ பொங்கலுக்கு வர்ற வழியப் பாரு, அவளையும் வந்து பாரு. வெச்சர்றேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். பிரீத்தி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எனக்கும் உங்களப் புடிக்கலைங்க அத்தை."

மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

"தெரியும் சாமி" என்றேன். அவளை நான் சாமி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வேண்டுமென்று சொல்லவில்லை, நிலாவைச் சாமி என்று கொஞ்சுகிற வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

"நான் மறுபடியும் எதாச்சும் பண்ணுவேனுங்க."

"பண்ணுவ. நானும் திட்டுவேன்."

"திட்டீட்டு அனுப்பீருவீங்களா?"

"திட்டீட்டுச் சோறு போடுவேன்."

அதற்குத்தான் அவள் அழுதாள். கையால் முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல், நின்ற இடத்திலேயே, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதாள். ஜூன் மாதத்திலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.