லேசர் லேத்து யாருக்கு

மாத்தளை டவுனில் அன்ஸாபின் பட்டறைக்கு லேசர் லேத்து வந்த நாளிலிருந்து சாலிஹுக்குச் சோறு இறங்கவில்லை. மெஷினைப் பார்த்து அல்ல ஐயா, அதைத் தொட்ட கையைப் பார்த்து! இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் பிரின்ஸி, வேலைக்குச் சேர்ந்த சூடு இன்னும் ஆறவில்லை, அவளிடம் போய்க் கொடுத்துவிட்டாரே முதலாளி!

பம்புக்குப் போடும் செரமிக் வளையம் கல்லைவிடக் கெட்டி. சாலிஹ் வைரச் சக்கரத்தில் நாள் முழுக்கத் தேய்த்தால் ஒன்று தேறும். பிரின்ஸியோ லேசரால் ஓர் இடத்தைச் சிவக்கக் காய்ச்சுவாள். அது இளகியிருக்கும்போதே பின்னால் வரும் உளி சீவிக்கொண்டு போகும். ஆறின டீயைக் குடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

“மெஷின் செய்யுது, இவ சும்மா நிக்கிறா” என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னான். கடைசியில் அன்ஸாபிடமே போனான். ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்து அழைப்பவர் கேட்காமலா போவார்!

“மொதலாளி, எனக்கும் ஒரு தடவ தந்து பாருங்க. அவளுக்கு முந்தியே நான் இங்க ஈக்கிறேன்.”

“சரி நானா. வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் பொறகு வளையம் வாங்குற கொழும்பு ஆள் வாறார். அவர் முன்னுக்கு ஒரு வளையம் கடைஞ்சு காட்டுங்க. பழுதில்லாம வந்தா மெஷின் உங்களுக்கு. ஒடஞ்சா பிரின்ஸிக்குத்தான், பொறகு பேச்சில்ல.”

வெள்ளிக்கிழமை சாலிஹ் பள்ளிவாசலில் துஆ கேட்டுவிட்டே வந்தான். வளையம் நன்றாக வர வேண்டும் என்று கேட்டதைவிட அவள் முகம் சுருங்க வேண்டும் என்று கேட்டதுதான் அதிகம்.

லேசர் பட்டு வளையம் சிவந்தது. உளி இறங்கியது. அவளைவிட அழகாக ஓடுகிறதே! அன்ஸாபும் கொழும்பு ஆளும் வாசல் பக்கம் திரும்பி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் சாலிஹின் இடக்கை தானாக நீண்டது. சக்கரத்தில் தேய்க்கிறவனுக்குச் சூட்டைக் கண்டால் தண்ணீரைத் திறந்துதான் பழக்கம். பழைய லேத்து ஒன்றில் பூட்டி வந்த லேசர் அது, தண்ணீர்க் குழாயை இன்னும் கழற்றவில்லை. கொதிக்கும் செரமிக்கில் தண்ணீர் பட்டால் பிளந்துவிடும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற பிரின்ஸி சட்டென்று குழாயைப் பொத்திக்கொண்டாள்.

“தண்ணி வேணாம் நானா” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

வளையம் பழுதில்லாமல் வந்தது. “மாஷா அல்லாஹ்! இனி மெஷின் உங்களுக்குத்தான் நானா” என்று முதுகில் தட்டினார் அன்ஸாப். பிரின்ஸி மெஷின் சாவியை எடுத்து நீட்டினாள். சாலிஹ் வாங்கிக்கொண்டான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வேலை விட்டுப் போகும்போது அவளை மறித்தான்.

“ஏன் புள்ள தடுத்த? ஒடஞ்சிருந்தா மெஷின் ஒனக்குத்தானே?”

“ஆமா நானா. அதுக்காக நல்ல வேல ஒடயிறதப் பாத்துக்கிட்டு நிக்க முடியுமா?”

அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். அவள் இடத்தில் தான் நின்றிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பான், அது அவனுக்கு நன்றாகத் தெரியும். உள்ளே போய் அன்ஸாபிடம் உண்மையைச் சொல்லலாம், சொல்லவில்லை. சாவி சட்டைப் பையில் இருந்தது. வயிறு முன்னைவிட மோசமாக எரிந்தது.