கையில் சட்டி இருக்கும்போது

கேட்டது கிடைத்த பிறகுதான் ஊரில் எல்லோரும் நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். ஓடைப்பட்டி மொக்கம்மாள் மட்டும் கிடைப்பதற்கு முன்பே செலுத்திவிடுவாள். சாமியை அப்படிக் கட்டாயத்தில் நிறுத்தினால்தான் காரியம் நடக்கும் என்பது அவள் கொள்கை. மகன் வேல்பாண்டிக்குப் பெண் அமைவதற்கு முன்பே மாவிளக்கு எடுத்தவள். கிணற்றில் தண்ணீர் ஊறுவதற்கு முன்பே கிடா வெட்டியவள். இரண்டு தடவையும் சாமி வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டது.

இந்தப் பங்குனித் திருவிழாவில் அவள் பிடித்துக்கொண்டது மகளை. விமானப்படையில் குரூப் கேப்டனாக இருக்கும் முனீஸ்வரி பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் கால் வைத்ததும், மஞ்சள் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலை மறித்தாள்.

"குளிச்சிட்டு இதக் கட்டு. சாயந்தரம் தீச்சட்டி."

"யாருக்கு?"

"உனக்குத்தேன். பெரிய பதவி வரப்போகுதுன்னு வேலு சொன்னான். வந்தா எம்மக சட்டி எடுப்பான்னு மாரியாத்தாகிட்டச் சொல்லிட்டேன்."

"வந்தாத்தான ஆத்தா? இன்னும் வரலையே."

"வார வரைக்கும் திருவிழா காத்துக்கிட்டு நிக்குமாக்கும்! அடுத்த பங்குனின்னா அவளுக்கு மறந்துபோகும். ஆயிரம் பேரு கேக்குறாக."

"சட்டி எடுக்குறதுன்னா விரதம் இருக்கணும்."

"அதெல்லாம் உனக்கும் சேத்து நான் இருந்துட்டேன். பேசாம குளி."

அதிகாரிகளும் வீரர்களுமாய் ஒரு கட்டடம் நிறைய ஆட்கள் முனீஸ்வரியின் ஒரு சொல்லுக்கு எழுந்து நிற்பார்கள். அந்தச் சொல் ஒன்றும் இந்த வாசலில் செல்லவில்லை. சேலையை வாங்கிக்கொண்டாள்.

அவள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது விழாக் கமிட்டித் தலைவர் சங்கரலிங்கம் வந்தார். முறைக்கு மாமா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்மா முனீசு, மைக்குல உன்னையப் பத்திச் சொல்லணும். அங்கன என்ன வேலை? ராக்கெட்டு விடுறியா?"

"விடுறது வேற ஆளுக மாமா. விட்டது மேல ஒழுங்காச் சுத்துதா, யாரும் அதுக்குக் கெடுதல் பண்ணப் பாக்குறாகளா, எதுவும் வந்து மோதுமான்னு காவல் பாக்குறது நாங்க."

"மேல என்னத்த மோதும்? காக்காயா?"

"குப்பை. உடைஞ்ச ராக்கெட்டு, செத்துப்போன சேட்டிலைட்டு, எல்லாம் துண்டு துண்டாச் சுத்துது. துப்பாக்கிக் குண்டைவிட வேகம். ஒரு கட்டைவிரல் தண்டித் துண்டு பட்டாப் போதும், நம்ம சேட்டிலைட்டு சல்லி சல்லியாப் போயிரும்."

"அங்கனயும் குப்பை வண்டி வாரதில்ல போல" என்றார் சங்கரலிங்கம். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப பட்டாளத்துல உனக்கு மேல எத்தனை பேரு?" என்றார்.

"குறைஞ்சுக்கிட்டே வாராக மாமா" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குள் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தது. படையில் பெண்களை எடுக்கத் தொடங்கிய புதிதில் சேர்ந்தவள். கொஞ்ச வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விடும் என்று கூட இருந்தவர்களே பேசினார்கள். அவள் போகவில்லை. பாலைவனத்தில் ராடார் பார்த்தாள். பனிமலையில் ஆன்டெனா நிறுத்தினாள். விண்வெளிக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது, மேசையும் நாற்காலியும்கூட வராத அறையில் தரையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்த சிலரில் அவளும் ஒருத்தி. அந்தப் பிரிவுக்கே தலைமை ஏற்கும் பதவிதான் இப்போது அவள் பெயருக்கு நேராக வந்து நின்றது. வயதுக் கணக்கில் இது கடைசி வாய்ப்பு. இந்த முறை தவறினால் இன்னும் கொஞ்ச காலத்தில் ஓய்வு பெற்றுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும். நாலு பேர் மெச்சுவதற்காக இல்லை. அந்த வேலை அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பத்து மணிவாக்கில் போன் வந்தது. வீட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரவே, திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூம் பக்கம் போனாள். பந்தலுக்கடியில் குலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி வேல்பாண்டி, அக்கா விறைப்பாக நிற்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான். பேசியது அவளுடைய மேலதிகாரி.

விஷயம் இதுதான். போன மாதம் ஒரு பழைய ராக்கெட்டின் துண்டு நம்முடைய செயற்கைக்கோள் ஒன்றை நோக்கி வந்தது. மோதலாம், மோதாமலும் போகலாம். ஹேமாவதி என்ற இளம் அதிகாரி கணக்குப் போட்டு, ஆபத்து இருக்கிறது என்றாள். முனீஸ்வரி அந்தக் கணக்கைத் தானும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, செயற்கைக்கோளை நகர்த்த உத்தரவு போட்டாள். நகர்த்தினால் அதன் எரிபொருள் குறையும், ஆயுளும் குறையும். கடைசியில் துண்டு எட்டத்திலேயே போய்விட்டது. எரிபொருளை வீணடித்தது யார் என்று இப்போது விசாரணை.

"கணக்குப் போட்ட பெண் பதற்றத்தில் தப்பாகப் போட்டுவிட்டாள் என்று சொல்லிவிடுங்கள்" என்றது போன். "சின்ன வயசு. கண்டித்துவிட்டு விட்டுவிடுவார்கள். நீங்கள் மேலே போகலாம். இல்லையென்றால் உங்கள் பெயர் மேசையை விட்டு நகராது. சாயந்தரத்துக்குள் பதில் வேண்டும்."

முடியாது என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் வாய் சொன்னது வேறு.

"யோசித்துச் சொல்கிறேன் சார்."

போனை வைத்த பிறகு தன் குரலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. திரும்பினால் வேல்பாண்டி.

"அரைகுறையாக் கேட்டுச்சுக்கா. ஏதோ யோசிச்சுச் சொல்றேன்னியே. என்னது?"

ரகசியம் எதையும் தொடாமல், சொல்லக்கூடிய மட்டும் சொன்னாள். அவன் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டான்.

"ஒரு வார்த்தைதானக்கா. சொல்லிட்டு மேல போ. அங்கன போய் உக்காந்துக்கிட்டு அந்தப் பிள்ளைக்கு நல்லது பண்ணு."

"மேகம் மூடினா நீ என்ன செய்வ?"

"மருந்தடிப்பேன். பூஞ்சை விழுந்தாக் கொடி பூராம் போச்சுல்ல."

"மழை வரல. மருந்து வீண். அப்ப மேகத்தப் பாத்துச் சொன்ன ஆளச் செருப்பால அடிப்பியா?"

"அது எப்பிடிக்கா... மேகம் இருந்துச்சுல்ல."

"அதேதான்."

"அது தோட்டம், இது பட்டாளம். தோட்டத்துல எனக்கு மேல யாரு இருக்கா?" அவன் விடவில்லை. "எல்லாரும் இப்பிடித்தேன் மேல போறாக. நீ மட்டும் என்ன, கீழயே நின்னு யாருக்குக் காவல்? ஆத்தா ஊரு பூராம் சொல்லி வச்சிருக்கு. எம்மூஞ்சிக்காகவாவது யோசி."

முனீஸ்வரி வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். அவன் சொன்னதில் ஒரு பாதியைப் போனை வைத்ததிலிருந்து அவளே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயந்தரம் பிள்ளையார் கோயில் கிணற்றடியில் சட்டிகளைப் பற்றவைத்தார்கள். உள்ளங்கையில் வேப்பிலைக் கொத்து, அதன்மேல் மண்சட்டி, அதற்குள் நெருப்பு. பற்றவைத்துக் கையில் கொடுத்துவிட்டால் கோயில் வாசல் வரைக்கும் கீழே வைக்கக் கூடாது. யார் கையிலும் மாற்றவும் கூடாது. அவளுக்கு முன்னால் போன பெண்கள் எல்லாம் வருஷா வருஷம் எடுக்கிறவர்கள். ஒருத்தி திரும்பிப் பார்த்து, "கை சுடுதுன்னு நினைக்காதீக மதினி, நினைச்சாத்தேன் சுடும்" என்றாள். முனீஸ்வரி நினைத்தாள். சுட்டது.

தெருவில் வீட்டுக்கு வீடு காலில் மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள். உறுமி மேளம் காதைப் பிளந்தது. மைக்கில் சங்கரலிங்கம், "விண்ணையே காவல் காக்கும் நம்ம ஊர்ப் பொண்ணு, பெரிய பதவி அடைந்து..." என்று அடையாததை அடைந்ததாகவே அறிவித்துக்கொண்டிருந்தார். பெட்டிக்கடைத் திருப்பத்தில் வேல்பாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவள் போன் அவன் கையில் அலறிக்கொண்டிருந்தது.

"அக்கா! அவருதேன். மூணாந்தடவை."

"சட்டிய வச்சிட்டுப் பேசச் சொல்லு" என்று யாரோ சொன்னார்கள்.

"எவடி அவ? சட்டிய வைக்கிறதா!" என்று மொக்கம்மாள் சீறினாள். "ஏலே வேலு, காதுல புடிடா. நின்னுக்கிட்டே பேசட்டும்."

காதில் பிடித்தான். முகத்துக்கு நேரே தீ, பக்கத்தில் உறுமி. ஒன்றும் கேட்கவில்லை. அவன் தடுமாற்றத்தில் ஸ்பீக்கரை அமுக்கினான். சங்கரலிங்கம் கையைத் தூக்க, மேளம் நின்றது. தெருவே காதாகிவிட்டது.

"ஆமா, இல்லை, ஏதாவது ஒன்று சொல்லுங்கள்" என்றது போன், ஆங்கிலத்தில். "அந்தப் பெண்ணின் தவறு என்று சொல்வீர்களா? கோப்பு இப்போது மேலே போகிறது."

"என்னலே சொல்றாக?" என்று மகனின் தோளை இடித்தாள் மொக்கம்மாள். திராட்சை வாங்க வரும் வெளியூர் ஏஜென்டுகளோடு பேசிப் பழகிய ஆங்கிலம் அவனுக்கு இருந்தது.

"பதவி வேணும்னா... ஒரு சின்னப் பிள்ள மேல பழியப் போடச் சொல்றாக ஆத்தா."

"பிள்ள செஞ்சுச்சா?"

"செய்யலையாம்."

தெருவில் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. முனீஸ்வரியின் விரல்களுக்கு இடையில் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் யோசிக்கிறேன் என்று சொன்ன வாய்தான் இது. யோசிக்க அதற்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியது.

"சார், கணக்கு சரி. நானும் போட்டுப் பார்த்தேன். உத்தரவு போட்டது நான். விசாரணையில் இதைத்தான் சொல்வேன்."

"பதவி போய்விடும்."

"அந்தப் பிள்ளையின் பெயரைக் கொடுத்து வாங்குவதாக இருந்தால் எனக்கு வேண்டாம்."

"உணர்ச்சிவசப்படாதீர்கள். அங்கே என்ன சத்தம்?"

"தீ சார். கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன்."

"என்ன?"

"விளையாட்டு இல்லை. இன்னொன்று, நீங்கள் ஸ்பீக்கரில் இருக்கிறீர்கள். நீங்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் எங்கள் ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது."

அந்தப் பக்கம் டொக்கென்று ஒரு சத்தம், இணைப்பு போய்விட்டது.

"என்னடா சொன்னா?" என்றாள் மொக்கம்மாள்.

வேல்பாண்டி போனைப் பையில் போட்டான். "வேணாம்னுட்டா" என்றான். கொஞ்சம் நின்று, "நல்லாச் சொன்னா" என்று சேர்த்துக்கொண்டான். அதைச் சொல்லும்போது அவன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

சங்கரலிங்கத்துக்குத்தான் மைக்கை என்ன செய்வதென்று தெரியவில்லை. "மொக்கம்மாக்கா, பதவிக்குன்னுதான நேந்துக்கிட்டீக? அது இல்லேன்னு ஆயிருச்சே. இப்ப இந்தச் சட்டி செல்லுமா?"

"ஏன் செல்லாது?"

"என்னன்னு சொல்லி அறிவிக்கிறது?"

"ஒண்ணும் அறிவிக்க வேணாம். வாய மூடிக்கிட்டு வாரும். கேட்டது நான், குடுக்காம விட்டது மாரியாத்தா. அவளுக்கும் எனக்கும் உள்ளத நாங்க பேசிக்கிறோம்." மொக்கம்மாள் மேளக்காரர்கள் பக்கம் திரும்பினாள். "என்னலே வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? எம்மக கை வேகுது. அடிங்கடா!"

மேளம் எழுந்தது. முனீஸ்வரி நடந்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்கள், முன்னால் போனவர்களுக்கு ஊற்றியதைவிட ஒரு குடம் கூடவே ஊற்றினார்கள். ஒரு கிழவி, "யாரு பெத்த பிள்ளையோ, அது நல்லா இருக்கட்டும்" என்று யாருக்கோ சொன்னாள். மொக்கம்மாள் பக்கத்திலேயே வந்தாள். வழியெல்லாம் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. வேண்டுதல் மாதிரி இல்லை, அக்கம்பக்கத்தாரோடு போடும் சண்டை மாதிரி இருந்தது.

கோயில் வாசலில் சட்டியை இறக்கினாள். உள்ளங்கை சிவந்து, ஓரிரண்டு இடத்தில் கொப்புளித்திருந்தது. மொக்கம்மாள் திருநீறை அப்பினாள்.

"ரொம்ப ஆசைப்பட்டியாத்தா அந்தப் பதவிக்கு?"

"ரொம்ப."

"அப்ப விட்டுறாத. விசாரணையில நல்லா வெளுத்து வாங்கு. வாங்கிக்கிட்டு வா."

"வராது ஆத்தா."

"வராட்டி போகுது. வெளுத்துட்டு வா."

முனீஸ்வரி சிரித்துவிட்டாள். தம்பியிடமிருந்து போனை விரல் நுனியால் வாங்கி, கோயில் சுவரோரம் போய் ஹேமாவதியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அந்தப் பெண். குரல் நடுங்கியது.

"மேடம், என்னிடமும் பேசினார்கள். என் தவறுதான் என்று நானே ஒத்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது என்று..."

"ஒத்துக்கொண்டாயா?"

"இன்னும் இல்லை."

"ஒத்துக்கொள்ளாதே. இது என் உத்தரவு. நாளை மறுநாள் நான் அங்கே இருப்பேன். விசாரணையில் உன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு."

"உங்கள் பதவி உயர்வு மேடம்?"

"அதை விடு. ஒன்று சொல். அதே மாதிரி ஒரு துண்டு இப்போது வருகிறது. என்ன செய்வாய்?"

அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. நடுக்கம் இருந்தது, ஆனாலும் தெளிவாக.

"நகர்த்தச் சொல்வேன் மேடம்."

"சத்தமாகச் சொல். இங்கே மேளம்."

"நகர்த்தச் சொல்வேன்!"