ஒஃபெலியாவின் குரல்

1

இந்தக் கதை ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசிக் காத்திருப்பு இசையில் பிறந்தது. வேறு எந்தப் பெருமையும் இதற்கு இல்லை.

முதல் தொடக்கம்: "ஃப்ரெஸ்னோவின் அதிகாலையில் பாதாம் பூக்கள்—" அடித்துவிட்டேன். பாதாம் தோப்பில் முதுகொடிந்த ஒஃபெலியா அந்தப் பூவை நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

2

ஒஃபெலியாவின் மகள் யெசெனியா. வீட்டின் முதல் பட்டதாரி. ஆகவே வீட்டின் ஆபீஸும் அவள்தான். அப்பாவின் வரி, தம்பியின் கோர்ட் தேதி, அம்மாவின் இன்சுலினுக்குக் காப்பீட்டு ஒப்புதல், எல்லாம் அவள் மண்டைக்குள்.

எழுத்துப் பயிலரங்கில் ஒரு பெண்மணி கண்ணை மூடச் சொன்னார். ஒவ்வொரு கவலையையும் ஓர் இலையில் வைத்து ஆற்றில் விட வேண்டுமாம். மனம் காலியானால் கற்பனை தானாக வருமாம்.

"விட்டுட்டா, அப்புறம் ஆத்துல இறங்கி யாரு எடுக்கறது?" என்றாள் யெசெனியா.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்க வைக்கக் கேட்கவில்லை.

(மனம் காலியாக இருப்பவர்களை நான் கவனித்திருக்கிறேன். அவர்களுடைய சாமான் முழுக்க வேறு ஒருத்தியின் தலையில் இருக்கும்.)

3

இன்று மாலை ஐந்துக்குள் அவள் கதை போய்ச் சேர வேண்டும். தேர்வானால் மலையில் ஒரு மாதம், எழுதுவதற்கென்றே தனி அறை. போனைச் சமையலறை ஓவனுக்குள், வாணலிகளோடு வைத்து மூடினாள். காப்பீட்டு நிறுவனத்தில் ஸ்பானிஷ் பேச ஆள் இருக்கிறது, இன்றைக்கு நீயே கூப்பிட்டுக்கொள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஒரு நல்ல வாக்கியம் வந்தது: "அவள் கதவைத் தாழிட்டபோது—"

வாசலில் அம்மா.

"கண்ணு, நான் ஒஃபெலியா இல்லையாம்."

அந்த நிறுவனம் குரலையே கடவுச்சொல்லாகப் பதிந்து வைத்திருந்தது. வருடக்கணக்கில் 'நான் ஒஃபெலியா' என்று பேசிய குரல் யெசெனியாவுடையது. அசல் ஒஃபெலியாவைப் போலி என்று இயந்திரம் வெட்டிவிட்டது. இன்று ஒப்புதல் இல்லையென்றால் நாளைக்கு ஊசி இல்லை.

"என்னை மாதிரி இருமக்கூடச் செஞ்சியே," அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எனக்கு உன்னை மாதிரிப் பேச வரலையேடி."

(கற்பனை வறண்டுவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தவள் இவள்தான்.)

4

முடிவு ஒன்று: ஓவனைத் திறந்து போனை எடுக்கிறாள். "நான்தான் ஒஃபெலியா." காத்திருப்பு இசை. ஐந்து மணி கடந்துபோகிறது.

முடிவு இரண்டு: கதவைத் தாழிட்டு, வாக்கியத்தை— இல்லை. எப்படி எழுதினாலும் கதவுக்கு வெளியே அம்மா நிற்கிறாள், மகளுக்குத் தொந்தரவு ஆகிவிடும் என்று தட்டாமல்.

எனக்கு அலுத்துவிட்டது. தலை காலியாக இருப்பவர்கள் தாராளமாக முடித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு எழுதுங்கள்: அந்த ஊசியை யார் கேட்டு வாங்குவது? உங்கள் குரல் அங்கே செல்லாது.