பன்னிரண்டு மூடிகள்

"சட்டையைக் கழட்டணும். பையில இருக்கறதையெல்லாம் எடுத்துடும்மா. பத்தரைக்கு வண்டி வந்துடும்" என்றார் பெரியப்பா.

மகள் அப்பாவின் சட்டைப்பைக்குள் கையை விட்டாள். மூக்குக்கண்ணாடி, துண்டுப் பென்சில், நான்காக மடித்த ஒரு தாள். தாளில் இன்றைய தேதி போட்டு, அதன் கீழே கோழி கிளறிய மாதிரி மூன்று வரிகள்: காஸ் மூடியாச்சு. குழாய் மூடியாச்சு. வாசல் விளக்கு அணைச்சாச்சு. முதல் இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு 'டிக்'. மூன்றாவதற்கு இல்லை. விடிந்ததும் அந்த விளக்கை அணைக்கப் போனவர்தான், நிலைப்படியிலேயே சாய்ந்து உயிரை விட்டுவிட்டார்.

"இன்னிக்குமா எழுதியிருக்கார்?" என்றாள் அம்மா. "நாலு வருஷமா இதே பொழப்பு. காஸை மூடிட்டு, மூடினேனான்னு திரும்பப் போய்ப் பார்ப்பார். தெருமுனை வரைக்கும் போய்ட்டு, பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவார். நானும் சும்மாவா இருந்தேன்? மறதி மன்னன்னு பேர் வெச்சேன், பாவி."

மகள் தாளை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். அவருக்கு மறதியே கிடையாது என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அப்பா காட்டு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். வாளிக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். காட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வேலியாகக் கட்டி, அதன் ஓரமாக அறுபது வாளிகளை, விளிம்பு தரையோடு தரையாக இருக்கும்படி புதைத்திருப்பார்கள். சருகுக்குள் திரிகிற தவளை, அரணை, பல்லி எல்லாம் வேலியில் முட்டிக்கொண்டு, ஓரமாகவே போய், வாளிக்குள் தொப்பென்று விழும். காலையில் அப்பா ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணி, அளந்து, திரும்ப விட்டுவிடுவார். எண்ணாத நாட்களில் வாளிக்கு மூடி போட்டு மேலே கல் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் விழுந்தது விழுந்ததுதான், தூக்கிவிட ஆள் கிடையாது. 'எண்ணப் போனவன் எமனாகக் கூடாது' என்பார்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, அறுபதையும் மூடிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். மறுநாள் மகள் கல்லூரித் தோழிகள் மூன்று பேரைக் காட்டுக்குள் கூட்டிப்போனாள். பவுசு காட்டத்தான், வேறெதற்கு! "எங்கப்பா வாளியில என்னென்ன இருக்கும் தெரியுமாடி?" என்று கடைசி வரிசையில் பன்னிரண்டு மூடிகளைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். மூடிய வாளியில் என்ன இருக்கும், ஒன்றும் இல்லை. தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குள் ஒருத்தியின் காலில் அட்டை ஏறிவிட்டது. ஒரே அலறல், ஓட்டம், பஸ் வேறு வந்துவிட்டது. மூடிகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

அன்று மாலை வருஷத்தின் முதல் மழை பிடித்தது. அந்தக் காட்டில் ஒரு தவளை உண்டு. வருஷம் முழுக்க மண்ணுக்குள்ளேயே கிடந்து, முதல் மழைக்கு மட்டும் மேலே வரும். ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, நாலே நாளில் திரும்ப மண்ணுக்குள் போய்விடும். திங்கட்கிழமை பன்னிரண்டு வாளிகளிலும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு உயிர் மிதந்தது. அதில் ஒன்பது அந்தத் தவளை.

நிலையத்தின் தலைவியை ஊரே தவளை டாக்டர் என்று சொல்லும். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "மூடலையா?"

"மூடின மாதிரிதாம்மா இருக்கு" என்று அப்பா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "கடைசி வரிசையை மறந்துட்டேன் போல."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் இதை வீட்டில் சொன்னபோது, மகள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். வாளியை மூடத்தான் மறந்தாள். வாயை நன்றாகவே மூடிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். குடும்பம் என்னாகும் என்று இரக்கப்பட்டு, அந்த இடத்தில் அவளையே போட்டார்கள். அதற்கப்புறம் எந்த முகத்தோடு சொல்வது? அப்பா காஸடுப்புக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவள் தினமும் சாப்பாடு கட்டிக்கொண்டு அவருடைய வாளிகளைப் பார்க்கப் போனாள்.

ஒன்பதரைக்கு டாக்டரம்மா வந்தார். வானம் மூடிக்கொண்டு வந்தது. அவர் மகளின் தோளில் கை வைத்து நின்றார். அம்மா தட்டுத்தடுமாறி எழுந்தாள்.

"அன்னிக்கு உங்க தவளையெல்லாம் சாகவிட்டுட்டாரே, மனசுல வெச்சுக்காதீங்கம்மா. அப்பவே அவருக்கு மூளை மங்க ஆரம்பிச்சிருக்கு. எங்களுக்குத்தான் தெரியல."

"அதையெல்லாம் விடுங்க. நான் எப்பவோ மன்னிச்சாச்சு."

மகளுக்குக் காது வரை சுட்டது. செய்யாத தப்புக்கு ஒருத்தி மன்னிப்புக் கேட்கிறாள், இன்னொருத்தி மன்னிக்கிறாள், நடுவில் அவர் வாய் பேசாமல் படுத்திருக்கிறார். இன்னும் ஒரு மணி நேரத்தில் வண்டி வந்துவிடும்.

"அப்பா மறக்கலம்மா" என்றாள். "அவர் மூடிட்டுத்தான் வந்தார். சனிக்கிழமை நான் போய்த் திறந்தேன். பிரண்ட்ஸுக்குக் காட்ட."

தோளில் இருந்த கை விலகியது.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா.

"தெரியாது."

அம்மா அடிக்கவில்லை. நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது மகளுக்கு. அம்மா மெதுவாக அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். காது கேளாதவரிடம் பேசுவதுபோலக் குனிந்து சொன்னாள்:

"இந்தாங்க, கேட்டீங்களா? நீங்க மூடிட்டுத்தான் வந்தீங்களாம். அறுபதும்."

அவர் சரியாகக் கேட்டிருக்கமாட்டார் என்பதுபோல இன்னொரு தடவையும் சொன்னாள். பெரியப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வெளியே தூறல் போட்டது. டாக்டரம்மா குடையை எடுத்தார்.

"இப்ப வாளியெல்லாம் மூடியிருக்கா?"

"மூடியிருக்கு மேடம். நேத்தே மூடிட்டேன்."

"சரி. நானே ஒருதரம் போய்ப் பார்த்துக்கறேன்."

பத்தரைக்கு வண்டி வந்தது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியே போனபின், கதவைப் பூட்ட மகள் மட்டும் நின்றாள். பகல் வெளிச்சத்தில் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் சுவிட்சில் விரலை வைத்தாள்.

"அதை நீ தொடாதே" என்றாள் அம்மா, வண்டியின் படியில் நின்றபடி.

மகள் கையை எடுத்துக்கொண்டாள். கதவைப் பூட்டி, பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். மழை வலுத்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.